இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார்? நெட் மீட்டர் நிலைக்குமா?

மொட்டைமாடி (கேள்வி)

வணக்கம். கோவைப் புறநகரில் சொந்த வீடு. மாடியில் தண்ணீர்த் தொட்டி போக 400 சதுர அடிக்கு நிழல் விழாத இடம் இருக்கிறது. ஒற்றை ஃபேஸ் இணைப்பு, அனுமதிச் சுமை 4 கிலோவாட். இரண்டு மாத பில் சராசரியாக 800 யூனிட். சித்திரை, வைகாசியில் 1000 தொடும், மழைக்காலத்தில் 600க்கு இறங்கும்.

கையில் இரண்டு கொட்டேஷன்: 2 கிலோவாட் 1,40,000 ரூபாய், 3 கிலோவாட் 1,95,000 ரூபாய். இரண்டும் ஆன்கிரிட், அதாவது மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடுவது, பேட்டரி கிடையாது. விற்பவர்கள் எல்லோரும் ஒரே பாட்டாக, “3 கிலோவாட்டுக்குத்தான் 78,000 முழு மானியம், அதற்குக் கீழே போடாதீர்கள்” என்கிறார்கள். அது சரியா? மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? இன்னொன்று, இன்றைக்கு வெளியே அனுப்பும் யூனிட்டை அப்படியே கழித்துக்கொள்கிறார்கள். பேனல் 25 வருடம் இருக்கும், இந்த ஏற்பாடும் அதுவரை இருக்குமா? மின்வாரியத்துக்கு இதில் நட்டம் என்றால் ஒருநாள் மாற்றிவிட மாட்டார்களா?

மின்கணக்கு

மானியத்திலிருந்து கணக்கைத் தொடங்கினால் பெரிய சிஸ்டத்தில்தான் போய் நிற்பீர்கள். ஸ்லாபிலிருந்து, அதாவது யூனிட் ஏற ஏற உயரும் கட்டணப் படியிலிருந்து தொடங்குங்கள்.

2024 ஜூலை முதல் வீட்டுக்காரர் கட்டும் விகிதம் இது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும்: 101 முதல் 400 வரை 4.70, பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

நெட் மீட்டர் வேலை செய்யும் விதம்: பகலில் பேனல் தருவதை வீடே எடுத்துக்கொண்டால் அது மீட்டரில் பதிவே ஆகாது. மிச்சம் வெளியே போனால் ஏற்றுமதி, ராத்திரி உள்ளே வந்தால் இறக்குமதி. இறக்குமதியில் ஏற்றுமதியைக் கழித்து நிற்கும் யூனிட்டுக்குத்தான் ஸ்லாப். ஆக, சோலார் உங்கள் பில்லை மேலிருந்து கீழாக அரிக்கிறது. முதலில் போவது விலை உயர்ந்த யூனிட், கடைசியில் போவது மலிவான யூனிட்.

நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் 800 யூனிட் வீட்டில் இப்படி வரும்:

சோலார் இல்லாமல்: 4,770 ரூபாய்
1 கிலோவாட், நிகரம் 560 யூனிட்: 2,544 ரூபாய்
2 கிலோவாட், நிகரம் 320 யூனிட்: 799 ரூபாய்
3 கிலோவாட், நிகரம் 80 யூனிட்: பூச்சியம்

முதல் கிலோவாட் வருடத்துக்கு 13,356 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது 10,470. மூன்றாவது வெறும் 4,794. அந்த மூன்றாவது கிலோவாட்டில் ஒரு பங்கு, அரசு ஏற்கெனவே இலவசமாகத் தரும் 100 யூனிட்டைத்தான் உற்பத்தி செய்துகொண்டிருக்கும். இங்கே யூனிட் கட்டணத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். சோலார் உற்பத்திக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வலையமைப்புக் கட்டணம் (வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கானது) விதித்திருக்கும் வகைகளில் அது தனிக் கணக்கு.

இப்போது மானியத்தைச் சேருங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். உங்கள் கொட்டேஷனில் 2 கிலோவாட் நிகர விலை 80,000. வருட மிச்சம் 23,826. மூன்று வருடம் நான்கு மாதத்தில் போட்ட பணம் திரும்பும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மட்டும் மானியம் போக 37,000 கூடுதல், வருடம் 4,794 வரவு, ஏழே முக்கால் வருடம். மோசமான முதலீடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் சொல்வதற்கு நேர்மாறாக, கிலோவாட்டுக்கு அதிக மானியம் முதல் இரண்டில்தான் இருக்கிறது.

கோடையைத் தனியாகப் பாருங்கள். 1000 யூனிட் ஓடும் பில்லில் 2 கிலோவாட் போட்டால் நிகரம் 520, கட்டணம் 2,208. அதுவே 500இல் நின்றிருந்தால் 1,805. அந்த 20 யூனிட்டின் விலை 403 ரூபாய். இந்த 500ஆம் படிதான் தமிழ்நாட்டில் சோலார் அளவைத் தீர்மானிக்க வேண்டிய இடம். 550 வாட் பேனல் நான்கு போட்டால் 2.2 கிலோவாட், இரண்டு மாதத்துக்கு 528 யூனிட். நிகரம் 472, கட்டணம் 1,629 ரூபாய்க்குள். என் பரிந்துரை இதுதான்: நான்கு பேனல், ஆனால் இன்வெர்ட்டர் மட்டும் 3 கிலோவாட், பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் இன்னும் இரண்டு பேனலுக்கு இடம். பேனல் அளவு, இன்வெர்ட்டர் அளவு இரண்டில் குறைந்ததை வைத்துத்தான் மானியம் கணக்காகும், பின்னால் கூட்டுவதற்கு மறுபடி அனுமதி வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

வீட்டில் இன்னொரு ஏ.சி., மின் ஸ்கூட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு வரப்போகிறது, சராசரியே 1000 ஆகும் என்றால் கணக்கு புரளும். அப்போது மூன்றாவது கிலோவாட் வருடம் 9,582 தரும், நான்கு வருடத்துக்குள் காசு திரும்பும். அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

வாடகைவீடு

இடையில் ஒரு சிறு கேள்வி. அப்பா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்தான். அவரிடமும் 3 கிலோவாட் விற்கப் பார்க்கிறார்கள்.

மின்கணக்கு

வேண்டாம். 400 யூனிட் பில் 1,175 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் நிகரம் 160, கட்டணம் 141. வருடம் 6,204 மிச்சம். இரண்டாவது கிலோவாட் அந்த 141ஐ மட்டும் எடுக்கும், அதாவது வருடத்துக்கு 846 ரூபாய். மூன்றாவதுக்கு எடுக்க ஒன்றுமே இல்லை. 1 கிலோவாட் சிஸ்டம் நியாயமான விலைக்குக் கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் பழைய மின்விசிறிகளை 28 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறியாக மாற்றுங்கள். மாடியிலும் கீழேயும் தனித்தனி இணைப்பு என்றால், சோலார் ஒரு மின் இணைப்பு எண்ணோடு கட்டுப்பட்டது. 500ஐத் தாண்டும் இணைப்பு எதுவோ அதில் போடுங்கள்.

ஆறு சதுரம்

மாட்டும்போது கவனிக்க வேண்டியது பற்றி. பேனலும் இன்வெர்ட்டரும் இன்றைக்குப் பெரும்பாலும் தரமாகவே வருகின்றன. கோளாறெல்லாம் இடையில் இருக்கும் இரும்பிலும் வயரிலும்.

முதலில் இரும்பு. 550 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ 2.28 மீட்டருக்கு 1.13 மீட்டர், எடை 28 கிலோ. பார்ப்பவர்கள் எடையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது காற்று தூக்குவதைப் பற்றி. இந்தியத் தர நிர்ணயத்தின் காற்று வரைபடத்தில் கோவை நொடிக்கு 39 மீட்டர், சென்னை 50 மீட்டர். காற்றழுத்தம் என்பது 0.6ஐ வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. குணகங்கள் எதுவும் சேர்க்காமலே கோவையில் ஒரு பேனலுக்கு 240 கிலோ, சென்னையில் 395 கிலோ மேல்நோக்கி இழுக்கும். ஒரு அடிப் பக்கம் உள்ள கான்கிரீட் கட்டை ஒன்று 65 கிலோதான். நான்கு பேனலுக்கு ஆறு கால், ஒவ்வொரு காலுக்கும் ஒரு கட்டை என்று வைத்துவிட்டுப் போனால் மொத்தம் 390 கிலோ, இழுப்பு 960 கிலோ. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊரில் இது சூதாட்டம். சட்டம் தாழ்வாக இருந்தால் கட்டையைப் பெரிதாக்குங்கள். எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரி வேண்டுமென்றால், தூண் நிற்கும் இடம் கீழே பீமுக்கு மேல் வரும்படி பார்த்து, ரசாயன ஆங்கர் போல்ட்டில் இறுக்குங்கள். ஓட்டை போட்ட இடத்தில் நீர்க்கசிவுப் பூச்சு அன்றைக்கே போட வேண்டும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த) சட்டம்தான், பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம். சாய்வு 10 முதல் 12 பாகை, முகம் தெற்கு. அதற்கு மேல் சாய்த்தால் காற்றுக்குத்தான் லாபம்.

அடுத்து ஏ.சி. வயர். காசு மிச்சம் பிடிக்க இங்கேதான் கைவைப்பார்கள். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் 13 ஆம்பியர் வெளியே தள்ளும். மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்கு 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்பு வயரில் அதன் தடை 0.28 ஓம், இன்வெர்ட்டர் முனையில் 3.6 வோல்ட் ஏறும். 10 சதுர மி.மீ. வயரில் 1.4 வோல்ட்தான். இரண்டு வோல்ட்டுக்கு ஏன் இத்தனை பேச்சு என்றால், இன்வெர்ட்டர் 253 வோல்ட்டைத் தாண்டினால் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. உங்கள் தெருவில் மதியம் ஏற்கெனவே 248, 250 இருந்தால், வெயில் உச்சத்தில் வயர் ஏற்றும் அந்த 3 வோல்ட் உங்களை வெளியே தள்ளிவிடும். ஐந்து நிமிடம் நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ஆப்பில் பார்த்தால் பதினொன்று முதல் இரண்டு மணி வரை வரைபடம் சீப்புப் பல் மாதிரி இருக்கும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே ஒரு ஞாயிறு மதியம் வீட்டு வோல்ட்டேஜைப் பாருங்கள். 245க்கு மேல் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் அளவை மாற்றும் டேப்பை ஒரு படி இறக்கச் சொல்லுங்கள், அல்லது உங்கள் இணைப்பை வேறு ஃபேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே தெருவில் நாலு வீட்டு சோலாரும் ஒரே ஃபேஸில் விழுந்திருப்பதுதான் பல இடங்களில் உண்மையான காரணம். இன்வெர்ட்டரின் மேல் வரம்பை 265க்கு ஏற்றிக் கொடுக்கிறேன் என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் பக்கத்து வீட்டு டி.வி.யும் அந்த வோல்ட்டேஜில்தான் ஓட வேண்டியிருக்கும்.

எர்த்து மூன்று, தனித்தனிக் குழி: இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் சட்டத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று. இடிதாங்கிக் கம்பியை மற்றதோடு மாடியிலேயே முடிச்சுப் போட்டால் இடி நேராக இன்வெர்ட்டருக்குப் போகும். டி.சி. பெட்டியிலும் ஏ.சி. பெட்டியிலும் எஸ்.பி.டி. (திடீர் மின்னழுத்த வீச்சைத் தடுக்கும் கருவி) இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், பச்சைக் கண்ணாடி தெரிய வேண்டும். கழுவுவதற்கு உப்புப் போர்த் தண்ணீர் வேண்டாம், வெயில் ஏறுவதற்கு முன் கழுவுங்கள்.

மொட்டைமாடி

இருவருக்கும் மிக்க நன்றி. கரண்ட் போனால் ஆன்கிரிட் ஓடாது என்கிறார்களே, பேட்டரி சேர்த்தால் பயன் உண்டா?

ஆறு சதுரம்

ஓடாது, ஓடவும் கூடாது. லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பியில் கை வைக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் வரக்கூடாது என்பதற்காகவே அந்தப் பாதுகாப்பு. மின்வெட்டுக்காக மட்டும் என்றால் இருக்கிற யு.பி.எஸ். போதும். பணக்கணக்கில் நெட் மீட்டர் இருக்கும்வரை பேட்டரிக்கு வருமானமே இல்லை. பகலில் கொடுத்த ஒரு யூனிட் ராத்திரி ஒரு யூனிட்டாகவே திரும்பி வருகிறது. பேட்டரியில் போட்டு எடுத்தால் பத்தில் ஒரு பங்காவது வழியில் போய்விடும்.

ஃபீடர் கோடு

கடைசியாகச் சொன்னதில்தான் அரசியலே இருக்கிறது. நெட் மீட்டர் வைத்த வீட்டுக்கு வாரியம் காசில்லாத பேட்டரியாக இருக்கிறது. அது எத்தனை நாள் நிலைக்கும் என்பதை வாரியத்தின் வரவுசெலவுதான் தீர்மானிக்கும், அதனால் அதையே விரித்துச் சொல்கிறேன்.

வாரியம் என்று இன்னும் சொல்கிறோம். 2010இல் கழகமாகி, 2024இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை ஆற்றல் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. கடன் ஒரு லட்சம் கோடிக்கு மேல். 2017 ஜனவரியில், மின் நிறுவனங்களின் கடனைச் சீராக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது 22,815 கோடி கடனை மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது, பிறகும் கடன் வளர்ந்தது. ஒரு பக்கம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுக்கு இலவசம், 2016 மே முதல் எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம், விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் இலவச யூனிட். இவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரம் இதில்தான் நின்றது. ஆனால் இந்தச் செலவை ஈடுகட்டுவது இரண்டு இடத்திலிருந்து வருகிறது: அரசு கொடுக்கும் மானியம், அடக்க விலைக்கு மேல் கட்டணம் கட்டும் ஆலைகள், கடைகள், 500ஐத் தாண்டும் வீடுகள்.

ஆலைகள் விலகிப்போன கதை பழையது. 2005 மின்சார விதிகளின்படி ஒரு மின் நிலையத்தில் 26 சதவீதப் பங்கு வைத்து, அதன் உற்பத்தியில் 51 சதவீதத்தைப் பயன்படுத்தினால் அது சொந்த மின்சாரம், மற்றவர்களின் மானியத்தை ஈடுகட்ட வாங்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கிடையாது. பல்லடம், உடுமலை, கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகளில் நூற்பாலைகள் பங்கு வைத்திருப்பது இதனால்தான். அடுத்து விலகுவது 9.45 கட்டும் உங்கள் மாதிரி வீடு.

இதில் நட்டம் இரண்டு மடங்கு. நீங்கள் கட்டாமல் விடும் 9.45 ஒன்று. மதியம் நீங்கள் கொடுக்கும் யூனிட்டுக்கும் மாலை நீங்கள் வாங்கும் யூனிட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் இன்னொன்று. மின்சாரச் சந்தையில் வெயில் நேரத்து விலை தரையில் கிடக்கும், சூரியன் இறங்கியதும் சித்திரை, வைகாசி மாலைகளில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும். காற்று ஏறுவது வைகாசிக் கடைசியில்தான். ஆடி, ஆவணி மாலைகளைக் காற்றாலை தாங்கும், அதற்கு முந்தைய கோடை மாலையைத் தாங்க ஆளில்லை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது, அதுவும் காற்று வராத அந்த மாதத்தில்தான். மதியம் சூரிய மின்சாரம் நிறைய இருக்கிறது என்று அனல் நிலையத்தை அணைக்கவும் முடியாது. 55 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தால்தான் மாலையில் அது மேலே வரும். நீர் ஏற்றிச் சேமிக்கும் நிலையம் என்று 2025 தொடக்கத்தில் நம்மிடம் இருந்தது கடம்பாறை 400 மெகாவாட், குந்தா 500 மெகாவாட் அப்போது கட்டுமானத்தில் இருந்தது. மதிய மின்சாரம் பொங்கினால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிறு, காட்டியது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாட்டையே இருட்டாக்கியதற்கு, அந்த நேரத்தில் தேவை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்து, அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கும் சுழலும் கனமான ஜெனரேட்டர்கள் குறைவாக இருந்ததும் காரணம்.

மற்ற இடங்களில் நெட் மீட்டருக்கு என்ன ஆனது? கலிஃபோர்னியா 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பை முக்கால் பங்கு குறைத்தது. பழையவர்களின் ஒப்பந்தத்தைத் தொடவில்லை. பாகிஸ்தானில் 2024இல் மட்டும் 17 கிகாவாட் பேனல் இறக்குமதியானது. வசதியுள்ளவர்கள் கூரையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட, மின் நிலையங்களுக்குக் கட்டியாக வேண்டிய நிலையான தொகை மாடியில்லாதவர்களின் பில்லில் ஏறியது. அங்கே 2025இல் வாங்கும் விலையை 27 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக வெட்ட முடிவெடுத்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

ஆகவே என் கணிப்பு: இங்கேயும் புதிதாகச் சேர்பவர்களுக்கு விதி மாறும், சேர்ந்துவிட்டவர்களை எளிதில் தொட மாட்டார்கள். மாறும் திசையும் ஓரளவு தெரிகிறது. 2023இல் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் வந்த இடங்களில் வெயில் நேரத்துக்குக் குறைந்த விலை, மாலை உச்சத்துக்குக் கூடுதல் விலை என்கின்றன. அது வீட்டுக்கு வந்த அன்று மதிய யூனிட்டும் மாலை யூனிட்டும் சமம் என்ற ஏற்பாடு ஆடும், பேட்டரிக்கும் அன்றுதான் கணக்கு வரும். மூன்றரை வருடத்தில் காசு திரும்பும் 2 கிலோவாட் அந்த மாற்றத்தைத் தாங்கும். எட்டு வருடக் கணக்கில் போடும் கூடுதல் கிலோவாட்தான் அடிபடும். இப்போதே பம்ப் மோட்டார், வாஷிங் மெஷின், ஹீட்டர், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வைத்துப் பழகுங்கள். பில் இன்று மாறாது, மாலைச் சுமை இன்றே குறையும்.

கிணற்றுமேடு

கணக்கை மறுக்கவில்லை, பழி போடும் இடத்தை மறுக்கிறேன். மாடியில் நாலு பேனல் போட்ட வீட்டால் வாரியம் சாய்வதில்லை. மதிய மின்சாரத்தைக் குடிக்க நம்மிடம் இருபது லட்சம் பம்ப் இருக்கிறதே, அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

5 குதிரைத்திறன் மோட்டார் 3.7 கிலோவாட். ஆயிரம் மோட்டாரை ராத்திரியிலிருந்து மதியத்துக்கு நகர்த்தினால் 3.7 மெகாவாட் மாலையிலும் இரவிலும் குறைகிறது, வெயில் நேரத்தில் சேர்கிறது. ஒரு பைசா பேட்டரி வேண்டாம். இதற்குத் தேவை விவசாய ஃபீடரை (துணை மின்நிலையத்திலிருந்து வரும் மின்பாதையை) வீட்டு ஃபீடரிலிருந்து பிரிப்பதும், துணை மின்நிலையத்தின் அருகில் ஒரு சூரிய மின் நிலையம் வைப்பதும். 1 மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர், வருடம் 16 லட்சம் யூனிட் அளவுக்கு வரும். மகாராஷ்டிரம் இந்த வழியில் பெரிய அளவில் போய்க்கொண்டிருக்கிறது, மத்திய அரசின் குசும் என்ற விவசாய சோலார் திட்டத்திலும் இதற்கு மானியம் வைத்தார்கள். கிணற்றுக்குக் கிணறு தனி சோலார் பம்ப் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் பாய்ச்சாத நாளெல்லாம் அந்தப் பேனல் சும்மா கிடக்கும். பாய்ச்சும் நாளில் யூனிட் கணக்கே இல்லாததால் போர் ஆழம் இன்னும் கீழே போகும். ஃபீடர் முறையில் நேரத்தைக் கட்டலாம், பகலில் மூன்று ஃபேஸ் ஆறு மணி நேரம் உறுதியாகக் கொடுத்தால் பாம்புக்கும் பன்றிக்கும் பயந்து ராத்திரி வயலுக்குப் போக வேண்டியதில்லை. விவசாயி கேட்பதும் அதைத்தான்.

இலவச 100 யூனிட்டையும் இதே கண்ணால் பாருங்கள். வருடத்துக்கு 600 யூனிட், யூனிட் ஏறத்தாழ 5 ரூபாய் என்றால் ஒரு வீட்டுக்கு அரசு வருடம் 3,000 ரூபாய் மானியம் கட்டுகிறது, முடிவே இல்லாமல். அரை கிலோவாட் பேனல் 700 யூனிட் தரும். அந்த அரை கிலோவாட்டை அரசே ஒருமுறை போட்டுவிட்டால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் செலவு நேராகி, மிச்சக் காலம் லாபம். ஆனால் ஓட்டு வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவருக்கு மாடி ஏது? அதனால் அதையும் கூரையில் தேடாமல், ஊர்ப் புறம்போக்கிலோ துணை மின்நிலைய இடத்திலோ மொத்தமாகப் போட்டு, யூனிட்டை அந்த வீடுகளின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இன்றைய மத்திய மானியம் மாடியுள்ளவருக்கு 78,000 வரை கொடுக்கிறது, மாடியில்லாதவருக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. இதைச் சரிசெய்யாமல் நெட் மீட்டரை மட்டும் வெட்டினால் நியாயம் வந்துவிடாது.

ஃபீடர் கோடு

பம்ப் விஷயத்தில் முழு உடன்பாடு. மாடி வீட்டைக் குற்றவாளி ஆக்கவில்லை, வாரியம் ஏன் தயங்குகிறது என்பதைச் சொன்னேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2022இல் வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தை நீக்கினார்கள். ஏழை வீட்டுக்கு அது சரி. சோலாரால் பில் பூச்சியமாகும் வீடும் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், லைன்மேன் எல்லாவற்றையும் ராத்திரி முழுக்கப் பயன்படுத்துகிறது. அந்த வீடு கிலோவாட் கணக்கில் ஒரு சிறு தொகை கட்டுவது, யூனிட் வரவை வெட்டுவதைவிட நேர்மையானது. அதைக் கேட்கும் துணிவு எந்தக் கட்சிக்கும் வரவில்லை.

மின்கணக்கு

மொட்டைமாடிக்கு, பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பமும் மானியம் வரும் வங்கிக் கணக்கும். தாத்தா பெயரில் கிடந்தால் முதலில் பெயர் மாற்றம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வே வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் விதி திருத்தப்பட்டுவிட்டது. மாட்டி முடித்த பிறகு மீட்டர் வைத்து இயக்கிக் கொடுக்க அவர்களுக்கு 15 நாள் கெடு. டிரான்ஸ்ஃபார்மரில் இடமில்லை என்று யாராவது சொன்னால், 5 கிலோவாட் வரை வலையமைப்பைப் பலப்படுத்தும் செலவு மின்பகிர்மான நிறுவனத்தையே சேரும் என்று அதே விதியைக் காட்டுங்கள். மானியத் திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான்.

மானியத்துக்கு உள்நாட்டுச் செல்லில் செய்த பேனல் கட்டாயம். கொட்டேஷனில் அதை எழுதிவிட்டு, கொண்டுவந்து இறக்குவது வெளிநாட்டுச் செல்லாக இருந்தால் மானியம் நின்றுவிடும், விற்றவர் போனை எடுக்க மாட்டார். பேனலை மேலே ஏற்றுவதற்கு முன், நான்கின் வரிசை எண்ணையும் பின்பக்க ஸ்டிக்கரோடு படம் எடுத்து, உள்நாட்டுச் செல் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கடைசி 20 சதவீதத்தை நெட் மீட்டர் மாட்டி, ஏற்றுமதி எண் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருடத்துக்கு எத்தனை முறை வருவார்கள், போல்ட்டை இறுக்கிப் பார்ப்பார்களா, இன்வெர்ட்டர் பழுதானால் எத்தனை நாளில் மாற்று வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.